அவர் தூக்கத்தில் வருகிறவன்

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போக வேண்டியதுதானே என்பேன். பள்ளிக்கூடக் கேன்டீனில் என்னோடு சமைக்கிற பெண்கள் கழிவறைப் பக்கம் எதையோ பார்த்துவிட்டதாகச் சொல்லி ஒருநாள் முழுக்க அந்தப் பக்கமே போகாமல் இருந்தபோது, நான்தான் போய் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மண்ணும் இல்லை என்று திரும்பி வந்தேன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் தம்பி நினைத்ததைத்தான் நினைப்பீர்கள், டாக்டரும் அதைத்தான் நினைத்தார். பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

நாங்கள் இருப்பது சிம்பாங் ரெங்கத்தில், ஒரு தாமானில், குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு. வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற இடம், அதற்கு ஓர் இரும்புக் கதவு, கதவைத் திறந்தால் சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைத் தோட்டம்தான். என் வீட்டுக்காரர் தனபாலன் பாலோ பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கிறார். எத்தனையோ வருடமாக இரவு வேலை. காலையில் வந்து குளித்துப் பசியாறிவிட்டு, அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இழுத்து விட்டுப் படுத்தாரென்றால் பிற்பகல்தான் எழுந்திருப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை உங்களுக்கு வேறு மாதிரி போய்விடும். எங்களுக்குள் சண்டை வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார், கோபம் தணிந்ததும் கடலை வைத்து மடித்த அப்பம் பாலிக், எனக்குப் பிடித்தது, வாங்கிக்கொண்டு திரும்புவார், மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார், பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சண்டை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் கோபத்தில் என் மேல் அவர் விரல் பட்டதில்லை.

முதல் தடவை நடந்தபோது நான் சிரித்தேன். கேன்டீன் வேலை முடிந்து வந்து, அலுப்பில் அவர் பக்கத்தில் போய்ச் சற்றுச் சாய்ந்திருந்தேன். இடுப்பில் ஓர் உதை, நான் கட்டிலிலிருந்து கீழே கிடக்கிறேன். அவர் தூக்கத்திலேயே ஏதோ உறுமிவிட்டுத் திரும்பிப் படுத்தார். எழுந்ததும் சொன்னேன், அவரும் சிரித்தார், கனவில் பந்து விளையாடியிருப்பேன் என்றார். இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. முகத்தில் குத்து விழுந்தது. என் முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, தலையணை முழுக்க இரத்தம். அவர் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோது என்னை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறார், கதவுப் பக்கம் ஓடினார் அடிக்க. அதன்பின் வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போனது. கட்டிலிலிருந்து பாய்ந்து அலமாரியில் மோதி நெற்றியைப் பிளந்துகொண்டார். ஒரு பிற்பகல் என்னைச் சுவரோடு சுவராக வைத்து முதுகால் அழுத்திக்கொண்டு, வெறும் காற்றைப் பார்த்துக் குத்திக்கொண்டே இருந்தார், எனக்கு மூச்சு முட்டிவிட்டது. எழுப்பினால் ஒன்றும் நடக்காதது போல விழிப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் அழுவார்.

நான் வேறு அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றினேன். நான் அடுத்த அறைக்குப் போன அன்றைக்குக் கதவைத் தோளால் இடித்து, கண்ணை மூடியபடியே வந்து என் முன்னால் நின்று சண்டை போட்டார். கையைக் கட்டிவிடச் சொல்லி அவரே கேட்டார். என் பழைய கைலியைக் கிழித்துக் கட்டில் காலோடு கட்டினேன். எழுந்து பார்த்தால் இரண்டு மணிக்கட்டிலும் தோல் உரிந்து தொங்குகிறது, கட்டில் கால் கழன்றிருக்கிறது.

கனவு என்னவென்று அவர் சொல்லவே மாட்டார். கெஞ்சிக் கேட்ட பிறகு ஒருநாள், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எப்போதும் ஒரே ஆள்தானாம். சட்டை இல்லாமல், அரைக்கால் சிலுவாரோடு, உடம்பெல்லாம் நனைந்து, முழங்கால் வரைக்கும் சேறு, கையில் பாராங் கத்தி. பின்கதவு வழியாக வருவானாம்.

"என்னப் பாக்கவே மாட்டான் ஜெயா. நீ எங்க இருக்கியோ அங்கதான் போவான். நான் நடுவுல நிக்கிறேன், அவ்ளோதான்."

யார் அவன், தெரிந்த முகமா என்று கேட்டேன். தெரியாது என்றார். ஆனால் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன் என்றார்.

இதற்குள் கேன்டீனில் என் முகத்தைப் பார்த்துப் பேச்சு கிளம்பிவிட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று எத்தனை தடவை சொல்ல முடியும். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, ரோஸ் என்று பெயர், நாங்கள் கக் ரோஸ், ரோஸ் அக்கா, என்போம், அவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தத்தை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் வேலியோரம் என் கையைப் பிடித்து, எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வந்துவிடு என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. என் தம்பி மகேந்திரனுக்கும் செய்தி போய்விட்டது. குளுவாங்கில் பழைய மோட்டார் காடி வாங்கி விற்கிறவன், பேச்சுக்கு முன்னால் கை ஓங்குகிறவன். வந்தவன் உட்காரக்கூட இல்லை, நேராக அவர் சட்டையைப் பிடித்தான். இவர் தடுக்கவில்லை. அடி, நல்லா அடி, அப்பவாச்சும் எனக்குப் புரியட்டும் என்று சொல்லி நின்றார். தம்பி கையை எடுத்துவிட்டான். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். தம்பி பெண்சாதி சிகாமட்டில் யாரோ சாமியாடியிடம் கூட்டிப் போகலாம் என்று போனில் சொன்னாள். நான் ஆஸ்பத்திரிக்கு என்றேன்.

ஜொகூர் பாருவில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், அவர் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களாம். அவ்வளவு பொறுமையாகக் கேட்ட டாக்டரை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"முழிச்சிருக்கும்போது அடிச்சிருக்காரா? என்கிட்ட சொல்லலாம், அவர் காதுக்குப் போகாது."

இல்லை என்றேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்பினாரோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

தூக்கத்தைச் சோதிக்கிற சோதனை ஒன்று இருக்கிறது. இவர் பகலில் தூங்குகிறவர் என்பதால் பகலிலேயே வைத்தார்கள். தலை, தாடை, நெஞ்சு, கால் எல்லாம் ஒயர் ஒட்டி, கேமரா வைத்து, ஓர் அறையில் தூங்க விட்டார்கள். அந்தப் படத்தை டாக்டர் எனக்கும் போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் சும்மாதான் படுத்திருக்கிறார், திடீரென்று கழுத்து நரம்பு புடைக்க எழுந்து உட்கார்ந்து, வலது கையால் எதையோ பிடித்து இழுத்து, இடது கையால் குத்து குத்து என்று குத்துகிறார், ஒயரெல்லாம் பிய்ந்து தொங்குகிறது. அவரை அடக்க உள்ளே ஓடிவந்த ஆண் தாதியின் மூக்கு உடைந்தது. நேரில் பட்ட அடியைவிட, வெளியே உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, போதும், நிறுத்துங்கள் என்றேன்.

டாக்டர் விளக்கினார். கனவு காணும்போது நம் மூளை உடம்பைப் பூட்டி வைத்துவிடுமாம், அதனால்தான் கனவில் ஓடினாலும் கால் அசையாது. சிலருக்கு, அதுவும் இந்த வயது ஆண்களுக்கு, அந்தப் பூட்டு கழன்றுவிடும், கனவில் செய்வதையெல்லாம் உடம்பும் செய்யும். கனவும் சாதாரணமாக இருக்காது, யாரோ தாக்க வருவது போலத்தான் பெரும்பாலும் வரும், ரொம்ப நல்ல மனிதர்களுக்கும் வரும் என்றார். எனக்கு அப்படியே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இவ்வளவு நாளாக நான் சொன்னதுதானே, இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும் என்று. மாத்திரை கொடுத்தார், தூங்கப் போகும் முன் ஒன்று. கட்டிலைச் சுற்றிக் கூர்மையான சாமான் எதுவும் இருக்கக் கூடாது, கொஞ்ச காலம் தனித்தனியாகப் படுங்கள் என்றார்.

மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு வாரத்தில் உதை இல்லை, குத்து இல்லை, சத்தம் இல்லை. உடைந்த பல்லைக் கட்டிக்கொண்டேன். கக் ரோஸ் வேலியோரம் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். தம்பி ஒரு கூடை மங்குஸ்தீனோடு வந்து மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். நானும் பழையபடி அவர் பக்கத்தில் சாய ஆரம்பித்தேன்.

ஆனால் அவர் மெலிந்துகொண்டே வந்தார். படுக்கப் போகிற நேரம் வந்தால் அது இது என்று வேலை தேடுவார், மோட்டாரைத் துடைப்பார், துடைத்ததையே துடைப்பார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். நன்றாகத்தானே தூங்குகிறீர்கள், பிறகென்ன என்று கேட்டால் மழுப்புவார். மறுபடி காட்டப் போனபோது டாக்டரிடமும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே சொன்னார். திரும்பி வரும்போது, நெடுஞ்சாலையில் ஓய்வெடுக்க நிறுத்துகிற இடத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கனவு நின்றுவிட்டதா என்று நான் சும்மாதான் கேட்டேன்.

நிற்கவில்லை என்றார். அதே கனவுதான், அதே ஆள்தான். கைதான் அசையவில்லை.

"முன்னெல்லாம் அடிப்பேன், தள்ளுவேன், ஓடிருவான். இப்ப படுத்துக்கிட்டே பாக்குறேன். பின்கதவுல நின்னவன் குசினிக்கு வந்தான். அப்புறம் ஹால்ல உக்காந்திருந்தான். நான் கத்துறேன் ஜெயா, எனக்கே கேக்கல."

கனவுதானே என்று சொன்னேன். அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன். மாத்திரை போகப் போக அதையும் நிறுத்திவிடும் என்று நானே டாக்டர் மாதிரி பேசினேன். இன்றைக்கும் அந்தக் கோப்பிக் கடை மேசை எனக்கு ஞாபகம் வருகிறது.

பள்ளி விடுமுறை ஆரம்பித்திருந்தது, நான் வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம், நல்ல மழை. அவர் காலையில் வந்து மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். மாத்திரையை என் கையால்தான் கொடுத்தேன், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து ஒரு சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் அழுதால் எப்படி இருக்கும், அப்படி. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மல்லாக்கப் படுத்திருந்தார். இரண்டு கையும் உடம்போடு ஒட்டி நேராக இருந்தன. கண் மூடியிருக்கிறது, இமைக்குள் விழி அங்குமிங்கும் உருள்கிறது, கண்ணீர் வழிந்து காதுக்குள் போகிறது. உதடு அசைகிறது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"ஓடு ஜெயா, ஓடு" என்றார்.

எழுப்பலாம் என்று அவர் நெஞ்சில் கை வைத்தேன். அப்போது பின்னாலிருந்து என் கொண்டையை யாரோ பிடித்தார்கள்.

எதிலோ மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன், நம்பினால் நம்புங்கள், ஆணி என்று நினைத்துக் கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். ஆணி இழுக்குமா? தலை பின்னால் போய் எனக்கு மேற்கூரை தெரிந்தது. அடுத்த நொடி என் முகம் அலமாரிக் கண்ணாடியில். கண்ணாடி உடைந்து விழுந்த சத்தமும் என் மூக்கெலும்பு உடைந்த சத்தமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அறையில் யாருமே இல்லை, அவர் மட்டும் கட்டிலில், வைத்த கை வைத்தபடி. நீங்கள் என்ன நினைத்தாலும் இதை மட்டும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். அடி விழும்போது அவர் என் கண் முன்னால் படுத்திருந்தார்.

வயிற்றில் ஓர் உதை. மூச்சு நின்றுவிட்டது, கத்த வாய் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. கீழே விழுந்தேன். விழுந்தவளின் இடது கையைப் பிடித்துத் தூக்கி, கட்டில் சட்டத்தின் மேல் வைத்து, அப்படியே அமுக்கியது. விறகை முழங்காலில் வைத்து உடைப்பது போல உடைந்தது. வலி அப்போது தெரியவில்லை, பயம்கூட இல்லை. வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் போனால் அடிக்குமே ஒரு சேற்று வாடை, அது மூக்கு உடைந்த இரத்தத்தையும் தாண்டி எனக்கு வந்தது. அப்புறம் ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன், இவரை எழுப்ப வேண்டும். கண்ணாடித் துண்டுகள் மேல் ஊர்ந்து போனேன். இருந்த ஒரு கையால் அவர் நெஞ்சில் அடித்தேன், கன்னத்தில் அறைந்தேன், அவர் எழவில்லை. மறுபடி என் காலைப் பிடித்து இழுத்தது. நான் அவர் தோளைக் கடித்தேன். வாயில் உப்பு கரிக்கும் வரைக்கும், பல் உள்ளே இறங்கும் வரைக்கும் கடித்தேன்.

"எந்திரிங்க. அவன் வந்துட்டான்."

சொன்னது நான்தான். பேய்ப் பேச்செடுத்தால் பாத்திரம் கழுவப் போகிற அதே ஜெயந்திதான்.

அவர் எழுந்தார். கண் திறக்கவில்லை. என்னைத் தாண்டிக் காலை வைத்து எனக்கு முன்னால் போய் நின்றார். கையை ஓங்கிக் குத்தினார். அந்தக் குத்து நடுவழியில் நின்றது. வெறும் காற்றில் குத்தினால் கை நீண்டு போக வேண்டும் அல்லவா, போகவில்லை, அரைக் கையில் நின்றது, சதையில் சதை மோதுகிற சத்தம் கேட்டது. மறுபடி குத்தினார், மறுபடி நின்றது. ஒரு தடவை அவர் தலையே பின்னால் வெட்டி இழுத்தது, உதடு கிழிந்து இரத்தம் சுவரில் தெறித்தது. அப்படியே பாய்ந்து இரண்டு கையாலும் எதையோ கட்டிப் பிடித்தார். அவர் இரண்டு கைக்கும் நடுவில் இடம் இருந்தது. ஒரு பருத்த ஆளைக் கட்டிப் பிடித்தால் எவ்வளவு இடம் இருக்குமோ அவ்வளவு இடம். அதைத் தள்ளிக்கொண்டே ஹாலைத் தாண்டி, குசினியைத் தாண்டி, நாற்காலி சரிய, தட்டு உடைய, துணி துவைக்கிற இடம் வரைக்கும் போனார். இரும்புக் கதவு அதிர்ந்தது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனபோது, கதவோரம் மழையில் உட்கார்ந்திருந்தார், முழித்துவிட்டார். இரண்டு கை முட்டியும் கிழிந்து எலும்பு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார், தொங்குகிற கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

முன்வாசலில் கக் ரோஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போலீஸுக்கும் அவர்தான் போன் செய்திருந்தார், நான் அவரைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் செய்திருப்பேன். போலீஸ் வந்தபோது இவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நான்தான் அடித்திருப்பேன், என்னைக் கொண்டுபோங்கள் என்று மலாயில் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். இரத்தம் சொட்டச் சொட்ட அவரைக் காடியில் ஏற்றினார்கள்.

குளுவாங் ஆஸ்பத்திரியில் கைக்குக் கம்பி வைத்தார்கள். வாக்குமூலம் எடுக்க வந்த போலீஸ்காரப் பெண்ணிடம் அவர் அடிக்கவில்லை என்றேன். அப்படியென்றால் யார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ, பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தம்பி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

"இன்னும் எத்தன நாளைக்குக்கா மாமாவக் காப்பாத்துவ? செத்தப்புறம் யாரக் காப்பாத்துவ?"

நான் புகார் கொடுக்கவில்லை, நோயைப் பற்றி டாக்டர் கொடுத்த கடிதங்களும் இருந்தன, அவரை விட்டுவிட்டார்கள். ஜொகூர் பாரு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரை தவறியதா என்றார், இல்லை என்றேன். மாத்திரை சில சமயம் கைவிடலாம், அவர் தூக்கத்தில் எழுந்து பின்னாலிருந்து உங்களை அடித்திருக்கிறார், பயத்தில், வலியில், முன்னால் நடந்தது பின்னால் நடந்தது உங்களுக்குக் கலைந்துவிட்டது, இது பொய் இல்லை, மூளை அப்படித்தான் செய்யும் என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். அவர் நாற்காலியில் நான் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையை நான் கழிவறையில் கொட்டினேன். இவர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"வேணாம் ஜெயா. நான் உன்னக் கொன்னுருவேன்."

"நீங்க கொல்ல மாட்டீங்க. நீங்க அசையாமப் படுத்துக் கெடந்தாதான் நான் சாவேன்."

 அவர் போய்க் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார். அறையைக் காலி செய்தோம். அலமாரி, மேசை, விசிறி எல்லாம் வெளியே. தரையில் மெத்தை, சுவரைச் சுற்றிப் பழைய மெத்தைகளைக் கட்டி நிறுத்தினோம். பழைய கதவு தாங்காது என்பதால் தடித்த பலகையில் புதுக் கதவு போட்டு, வெளியே தாழ்ப்பாள் வைத்தோம். டாக்டரிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன், அவருக்குச் சம்மதமில்லை, மாதாமாதம் வந்து காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். போய்க்கொண்டுதான் இருந்தோம். அவர் படுப்பார், நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே சண்டை நடக்கும். இடிக்கிற சத்தம், உறுமல், மூச்சு. சில நாள் அவர் குரலோடு இன்னொரு குரலும் கேட்பது போல எனக்குத் தோன்றும், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓய்ந்த பிறகு அவர் கதவைத் தட்டி என் பெயரைச் சொல்வார், திறப்பேன், முகத்துக்கு ஐஸ் வைப்பேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் போனது. என் மேல் ஒரு கீறல் விழவில்லை. கஷ்டம்தான், ஆனால் எனக்கு அது பழகிவிட்டது, அவருக்கும் பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் ஒருநாள் உள்ளே சத்தமே வரவில்லை. கதவைத் தட்டினார், திறந்தேன், முகத்தில் காயம் இல்லை, வியர்வைகூட இல்லை. கோப்பி கலந்து கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்தான். இன்னிக்கு உன்னத் தேடல, என்னத்தான் பாத்தான். பாராங்கத் திருப்பிப் பிடிச்சு, பிடிய என் பக்கம் நீட்டினான்."

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வாங்கல" என்றார். கோப்பியை மேசையில் வைத்தார். "இன்னிக்கு வாங்கல."

அன்றிலிருந்து அந்த அறையில் சண்டை இல்லை. மாத்திரை இல்லாமலே நன்றாகத் தூங்குகிறார், உடம்பு தேறியிருக்கிறது, டாக்டருக்கே ஆச்சரியம். தம்பிக்கு ரொம்பச் சந்தோஷம். கனவைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை, கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் தூங்கும்போது நான் இன்னும் வெளியே நாற்காலி போட்டுத்தான் உட்கார்கிறேன், உள்ளே ஒரு சத்தமும் இருக்காது.

முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நன்றாக முழித்திருக்கும்போதுதான், தட்டைப் பார்த்தபடி ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"இனிமே தாப்பாள் போட வேணாமே ஜெயா."

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.